முந்தியிருந்தவரும் முந்திக்கொண்டவரும்: ஒரு வினைச்சொல்லின் வரலாறு

1

எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தெருவுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழ் படிக்கிற பையன், நல்லா எழுதுவான் என்பது அவர்கள் கணக்கு. செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுமனைப் பட்டா கேட்டுத் தெருவே கையெழுத்தும் கைநாட்டும் போட்ட மனு. ‘மேற்படி இடத்தில் நாங்கள் தொன்றுதொட்டு வசித்து வருகிறோம்’ என்று ஆரம்பித்திருந்தேன். எழுதி முடித்தபோது அந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மனுவை வாங்கிப் படித்த அலுவலர் ‘தொன்றுதொட்டு’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டார். “தொன்றுதொட்டுன்னா எந்த வருஷத்துலேருந்துப்பா?” என்று கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே அவருக்கு ஒரு வருஷம் தேவைப்பட்டது. என்னிடம் பதில் இல்லை. கூட வந்திருந்த எங்கள் ஆயா சொன்னது: “நான் வாக்கப்பட்டு வரச்சயே அது எங்க மாமனாரோட பழைய வூடுங்கய்யா.” அவர் சிரித்துவிட்டு, “அத ஃபைல்ல வைக்க முடியாதும்மா” என்றார்.

ஒரு வாரம் தெருவில் இருந்த டிரங்குப் பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துத் தேடினோம். 1974ஆம் வருஷத்து வீட்டுவரி ரசீது ஒன்று கிடைத்தது. ஓரம் செல்லரித்திருந்தது, எண் தெரிந்தது. போதும் என்றார்கள். கோப்பு நகர்ந்தது. அரசாங்கத்தின் கண்ணில் எங்கள் தெரு 1974இல் பிறந்தது.

அன்றிலிருந்து இந்த ‘முன்பே இருந்தது’ என்னும் வினை என்னை விடவில்லை. வரலாறு எழுதுகிறவர்களும், மேடையில் பேசுகிறவர்களும், கோயில் மரியாதைக்குச் சண்டை போடுகிறவர்களும், நிலத்துக்கு வழக்காடுகிறவர்களும் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒரு வினையைத்தான். யார் சொன்னால் அது வரலாறாகிறது, யார் சொன்னால் ஃபைலில் வைக்க முடியாத பேச்சாகிவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

2

இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். ‘இரு’ என்ற வினையோடு முன்பே, ஏற்கெனவே, ஆதியிலிருந்து என்று எதையாவது ஒட்டித்தான் தமிழில் நாம் இந்தக் கருத்தைச் சொல்கிறோம். நெருங்கி வருகிற தனி வினை ‘முந்து’. பழைய நூல்களை ‘முந்துநூல்’ என்று சொல்வது தொல்காப்பியப் பாயிரத்திலேயே உண்டு. ஆனால் இந்த வினைக்கு இரண்டு முகம். ‘முந்தி இங்க ஒரு குளம் இருந்துச்சு’ என்றால் காலம். ‘அவன் முந்திக்கிட்டான்’ என்றால் போட்டி. முந்தியிருந்தவர் வேறு, முந்திக்கொண்டவர் வேறு. இரண்டு பேருக்கும் வேர்ச்சொல் ஒன்று. முந்திக்கொண்டவர் கொஞ்ச நாள் கழித்துத் தன்னை முந்தியிருந்தவராகச் சொல்லிக்கொள்ள மொழி எத்தனை வசதி செய்து தருகிறது பாருங்கள்.

‘முன்’ என்பதும் அப்படித்தான். அது காலமும் இடமும். ‘முன்னாடி வந்தவங்க முன்னாடி நில்லுங்க’ என்று ரேஷன் கடையில் சொல்கிறார்கள். முதல் ‘முன்னாடி’ நேரம், இரண்டாவது ‘முன்னாடி’ வரிசை. காலத்தில் முந்தியவருக்கு இடத்திலும் முன்வரிசை என்ற ஒரு நியாயத்தை இந்தச் சொல் நம் வாயில் ஊட்டிவிட்டது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று வெட்டுக்குத்து நடக்கிறதென்றால் அதன் அடியில் இருப்பது இந்த வரிசை நியாயம்தான்.

அடுத்தது, ‘இருந்து வருகிறது’ என்ற துணைவினைக் கட்டு. மனுக்களிலும் தீர்ப்புகளிலும் மேடைகளிலும் இது இல்லாமல் வேலை நடக்காது. ‘இருந்தது’ என்றால் முடிந்துபோனது. ‘இருந்து வருகிறது’ என்றால் பழையது ஒன்று நடந்து நடந்து என்னிடம் வந்து சேர்கிறது. ‘வா’ என்ற வினை பெரும்பாலும் பேசுகிறவனை நோக்கி நகரும். பழங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பதாகச் சொல்லும் தந்திரம் அந்த ‘வருகிறது’க்குள் இருக்கிறது. வழியில் அது யார் யார் வீட்டைத் தாண்டி வந்தது என்பதை வாக்கியம் சொல்லாது.

மூன்றாவதாக ஒன்று. முக்காலத்திலும் ஒரே தன்மையாக உள்ள பொருளை நிகழ்காலச் சொல்லால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ‘மலை நிற்கும்’ என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். மலைக்கு இது சரி. ஆனால் ‘ஊர்னா சேரின்னு ஒண்ணு இருக்கும்’ என்று ஒருவர் சொல்லும்போது சேரியையும் அவர் மலையோடு சேர்த்துவிடுகிறார். யாரோ செய்துவைத்த ஏற்பாடு இயற்கைப் பொருளாகிறது. செய்தவன் கை மறைகிறது.

‘மாமூல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரபியில் அதன் வேர் ‘செய்தல்’. மாமூல் என்றால் செய்யப்பட்டது, நடைமுறையில் உள்ளது. நம் ஊருக்கு வந்து ‘எப்போதும் உள்ள வழக்கம்’ ஆயிற்று. பிறகு போலீஸ்காரருக்குக் கொடுக்கிற காசும் மாமூல் ஆயிற்று. செய்யப்பட்டது எப்போதும் இருந்ததாக மாறி, கடைசியில் கேட்டு வாங்கும் உரிமையாகவும் மாறுகிற முழுக் கதையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

3

இலக்கணம் போதும், நிலத்துக்கு வருவோம்.

கும்பினி அரசாங்கம் செங்கல்பட்டுச் சீமையைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு அதற்கு ஒரு கேள்வி எழுந்தது. வரி யாரிடம் வாங்குவது? அதாவது நிலம் யாருடையது? ஊரில் மிராசுதாரர்கள் இருந்தார்கள். ‘மிராசு’ என்பதும் அரபி வழி வந்த சொல். வாரிசாகக் கிடைத்தது என்று பொருள். அதற்குத் தமிழ் ‘காணியாட்சி’. ஆங்கில அதிகாரிகளுக்குள்ளேயே இதைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. மிராசு பற்றிப் பதினேழு கேள்விகள் கேட்கப்பட்டன. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் அவற்றுக்கு விரிவாக எழுதிய விடைகள் 1818இல் நூலாக வெளிவந்தன. அந்த வேலையில் சங்கரய்யா என்ற தமிழறிந்த அலுவலரின் பங்கும் பெரியது.

எல்லிஸ் நமக்கு வேறொரு வகையில் தெரிந்தவர். தெலுங்கு முதலான தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816இல், காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்குறிப்பில், கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்பே நிறுவியவர். மொழியின் தனித்தன்மைக்கும் மிராசுதாரரின் உரிமைக்கும் ஒரே ஆள் ஒரே காலத்தில் பழமை தேடிக்கொண்டிருந்தார் என்பதை நாம் சேர்த்துப் படிப்பதில்லை. மொழியறிஞர் எல்லிஸைத் தமிழ்த்துறை எடுத்துக்கொண்டது, கலெக்டர் எல்லிஸை வரலாற்றுத்துறைக்கு விட்டுவிட்டது.

மிராசுதாரர் தரப்பு தன் பழமைக்குக் காட்டிய கதை இது. தொண்டைமண்டலத்தில் முன்பு குறும்பர்கள் இருந்தார்கள். ஆதொண்டச் சக்கரவர்த்தி அவர்களை வென்றான். காடு வெட்டி நாடாக்க வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினான். அப்போது கிடைத்ததுதான் காணியாட்சி. கதையை இன்னொரு முறை படியுங்கள். ‘நாங்கள் முன்பே இருந்தோம்’ என்பதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் கதையே, ‘எங்களுக்கு முன்பே வேறு ஆட்கள் இருந்தார்கள்’ என்று சொல்லிவிடுகிறது. முந்திக்கொண்டவர் கதை, முந்தியிருந்தவரை முதல் வரியில் கொன்றுவிட்டுத்தான் தொடங்க முடிகிறது. குறும்பரிடம் பதினேழு கேள்வி கேட்க யாரும் போகவில்லை.

அந்த விடைகளில் பண்ணை வேலை செய்த பறையர்களும் வருகிறார்கள். எப்படி வருகிறார்கள்? மிராசோடு கட்டுண்ட ஆட்களாக. அவர்கள் எப்போதிலிருந்து இங்கே இருக்கிறார்கள் என்பது கேள்வியாகவில்லை. அவர்கள் யாருக்கு உரியவர்கள் என்பதே கேள்வி. ‘இரு’ என்ற வினைக்கு எழுவாயாக நிற்கும் தகுதியே அவர்களுக்குத் தரப்படவில்லை, ‘உடைமை’ என்ற சொல்லுக்குச் செயப்படுபொருளானார்கள்.

செங்கல்பட்டுச் சீமையின் பழைய கிராம ஒழுங்கு என்று நாம் நம்புவது, கும்பினி அதிகாரிகளும் உள்ளூர் ஆட்களும் பேசிப் பேசி உருவாக்கியது என்று யூஜின் இர்ஷிக் 1994இல் ஒரு நூலே எழுதினார். அவர் சொல்லும் அந்த உரையாடலில் யார் குரல் சேர்ந்தது, யார் குரல் சேரவில்லை என்று கேட்பது நம் வேலை.

4

இந்தப் ‘பழமை’க்கு நடைமுறையில் என்ன பலன் இருந்தது? தரிசு நிலம் வேண்டுமென்றால் சர்க்காருக்குத் தர்க்காஸ்து கொடுக்க வேண்டும். ஒரு கூலிக்காரர் துணிந்து கொடுத்தால், அந்த நிலத்தின் மேல் மிராசுதாரருக்கு முன்னுரிமை. அவர் எனக்கு வேண்டும் என்றால் முடிந்தது கதை. அவர் பயிர் செய்யாவிட்டாலும் சரி, இவர் செய்யக்கூடாது. குடியிருக்கிற மனையும் இவருடையதல்ல. எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். ‘முன்னுரிமை’ என்ற நல்ல தமிழ்ச்சொல்லில் இருக்கும் ‘முன்’ இதுதான்.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதி அரசுக்கு அனுப்பினார். அதையொட்டி 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று பேசுவதன் தொடக்கம் அதுதான். முதல் பத்தாண்டு விற்கக்கூடாது, அதன் பிறகும் அந்தச் சமூகத்தாரைத் தவிர வேறு யாருக்கும் போகக்கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் நின்றது, நிலம் நிற்கவில்லை. நூறு வருஷம் கழித்து 1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1892ஆம் வருஷத்து ஆணை ‘முன்பே இருந்தது’ என்று நினைவூட்டியதற்கு அந்த விலை.

இதற்கு நேர் எதிராக இன்னொரு செய்தி உண்டு. ஊர் எல்லையில் தகராறு வந்தால் கடைசிச் சாட்சி யார்? தமிழ்ப் பக்கத்தில் பறையர், மைசூர்ப் பக்கத்தில் ஹொலெயர் என்று 19ஆம் நூற்றாண்டில் எழுதியவர்கள் உண்டு. எல்லை இதுதான் என்று அவர் நடந்து காட்டினால் இரண்டு ஊரும் ஒப்புக்கொள்ளும். எங்கள் பக்கத்திலும் வெட்டியானுக்குத் தெரியாத வரப்பு கிடையாது என்பார்கள். நிலம் இல்லாதவருக்கு நிலத்தின் நினைவு முழுவதும் தெரிந்திருக்கிறது. அவர் வாய்ச்சொல்லை வைத்து இன்னொருவர் எல்லை உறுதியாகும். அவர் வீட்டுக்கு மட்டும் அந்த வாய்ச்சொல் செல்லாது. ஆயா சொன்னதை ஃபைலில் வைக்க முடியாமல் போனதன் வரலாறு இவ்வளவு நீளம்.

ரேஷன் கடை நியாயப்படி முன்னாடி இருந்தவர் முன்னாடி நிற்க வேண்டும். இங்கே முன்னாடி இருந்தவர் பின்னாடி நிற்கிறார். சொல் உடைந்துபோன இந்த இடத்தை விளக்குவதுதான் வரலாறு என்று நினைக்கிறேன்.

5

உடைந்த இடத்தில் கை வைத்தவர் அயோத்திதாசர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கி, 1914இல் சாகும்வரை சொற்களை நோண்டிக்கொண்டே இருந்தவர். அவருடைய சொல்லாராய்ச்சி மொழியியலுக்கு ஒத்துவராது என்று சொல்கிற தமிழ்ப் பேராசிரியர்களை எனக்குத் தெரியும். ஒத்துவராதுதான். ஆனால் அவர் செய்த காரியம் வேறு. பறையர் என்று இழிக்கப்படுகிறவர்கள் பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தை வீழ்த்தியவர்கள்தான் இந்த இழிவைச் சுமத்தினார்கள் என்றார்.

இதில் ‘பூர்வ’ என்ற சொல் என்ன வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும். மிராசுதாரர் ‘என் உரிமை முன்பே இருந்தது’ என்றார். அயோத்திதாசர் சொன்னதன் அழுத்தம் ‘இந்த இழிவு முன்பே இருந்ததில்லை’ என்பதில் இருக்கிறது. முதலாவது இன்றைய நிலையை மலையாக்குகிறது. இரண்டாவது, மலை என்று நீ காட்டுவது யாரோ கொண்டுவந்து கொட்டிய மண் என்கிறது. வினை ஒன்றுதான், எதிர்மறை விகுதி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

இன்னொரு வழியும் இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். பழைய பெருமை தேடவில்லை. எந்தப் பெயரால் இழிக்கிறீர்களோ அந்தப் பெயரோடே உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன் என்றார். முன்பே இருந்ததைக் காட்டிலும் இப்போது இருப்பது முக்கியம் என்ற அரசியல் இது. இரண்டில் எது சரி என்று பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை. இரண்டும் ஒரே காயத்துக்கு இரண்டு வைத்தியம்.

பிறகு 1922இல், எம்.சி. ராஜா சட்டசபையில் எடுத்த முயற்சியால், ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை அரசு ஏற்றுக்கொண்டது. அந்தப் பத்தாண்டில் ஆதி ஆந்திரர், ஆதி கர்நாடகர், ஆதி இந்து, பஞ்சாபில் ஆத் தர்மம் என்று இந்தியா முழுக்க இந்த ‘ஆதி’ கேட்டது. வெற்றிதான். ஆனால் கேள்வியாக இருந்தது பெயரானதும் ஒரு இழப்பும் நேர்ந்தது. ‘நீ இங்கே எப்போது வந்தாய்?’ என்று மற்றவரைத் திருப்பிக் கேட்ட சொல், சாதிச் சான்றிதழில் நிரப்பும் கட்டமாயிற்று. ‘ஆதிதிராவிடர் காலனி’ என்ற பெயர்ப்பலகையை நாம் எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம்! ‘காலனி’ என்றால் புதிதாகக் குடியேறியவர்களின் இடம். எல்லோருக்கும் முந்தியவர்கள், புதிதாகக் குடியேற்றப்பட்டவர்கள் என்று ஒரே பலகை இரண்டையும் கூசாமல் சொன்னது. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில்தான் தமிழ்நாட்டு முதல்வர் சட்டசபையில் அறிவித்தார்.

பழைய பிரதிகளுக்கும் இந்தக் கதி உண்டு. கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தின் 1875ஆம் வருஷத்து இரண்டாம் பதிப்பில், பறையர்கள் திராவிடர்கள்தானா என்று கேட்டு, ஆம் என்று வாதிட்டுப் பல பக்கம் எழுதியிருந்தார். அவர் இறந்த பிறகு 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. நான் கல்லூரியில் படித்தது அந்த மூன்றாம் பதிப்பின் வழிவந்த புத்தகத்தை. முன்பே இருந்த பக்கங்கள் என் வகுப்பில் இல்லை.

இங்கே தமிழ்ப்பற்று உள்ள நண்பர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எல்லிஸ் காட்டியது நம் மொழி ‘வேறாக இருந்தது’ என்பதை. நாம் அதை ‘முன்பே இருந்தது’ என்று மாற்றிக்கொண்டோம். வேறாக இருப்பதற்கு மூத்தவராக இருக்கத் தேவையில்லை. கீழடியில் ஒரு பானையோடு கிடைத்தால் அதன் வயசைக் கேட்கிறோம், வயசு கூடக் கூட மகிழ்கிறோம். அதைச் சுட்டவர் எந்தத் தெருவில் இருந்தார் என்று கேட்பதில்லை.

6

கட்டுரையை இங்கேயே முடித்தால் வசதியாக இருக்கும். ஆனால் அந்த மனுவைப் பற்றி நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

எங்கள் தெருக்கோடியில் மூன்று குடும்பங்கள். செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்து, சூளை மூடிய பிறகு திரும்பிப் போக முடியாமல் தங்கிவிட்டவர்கள். எங்கள் சாதிதான், வேறு ஜில்லா. மனுவில் பெயர் எழுதும்போது அவர்களில் ஒரு அண்ணன் வந்து நின்றார். எங்கள் பெரியவர்கள் என்னிடம் சொன்னது: “அவங்க நேத்து வந்தவங்கப்பா. அவங்களையும் சேத்தா நம்மளுதும் கெட்டுடும்.” நான் தலையாட்டினேன். ‘தொன்றுதொட்டு வசித்து வருகிறோம்’ என்ற வாக்கியம் அவர்களுக்குப் பொருந்தாதே என்று எனக்குள் ஒரு இலக்கணச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்த மூன்று பெயரும் மனுவில் இல்லை.

எங்களுக்குப் பட்டா வந்தது. அவர்களுக்கு வரவில்லை.

நாங்கள் அப்படிச் செய்ததற்குப் பயம் காரணம். ஃபைல் அப்படித்தான் கேட்டது. முன்பே இருந்தாயா என்று கேட்கும் சட்டத்தின் முன்னால் நிற்கிறவன், தனக்குப் பின்னால் வந்தவனைத் தள்ளிவிட்டுத்தான் பதில் சொல்கிறான். இந்த நியாயம் புரிகிறது, ஆனாலும் கை என்னுடையது. ஆதொண்டச் சக்கரவர்த்தி கதையில் குறும்பருக்கு நேர்ந்ததை, ஒரு ஃபுல்ஸ்கேப் தாளில், வெட்டுக்குத்து இல்லாமல் நானும் செய்துவிட்டேன்.

ஆகவே நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இது. இழிவு முன்பே இருந்ததில்லை என்று காட்ட நமக்கு வரலாறு வேண்டும். அயோத்திதாசர் அதற்கு வழி காட்டியிருக்கிறார். ஆனால் மனைக்கும் தண்ணீருக்கும் சுடுகாட்டுக்கும் முன்பே இருந்ததைச் சாட்சியாகக் கேட்டால், நேற்று வந்தவர் எப்போதும் தோற்பார். அந்த உரிமைகளுக்கு ‘இருக்கிறோம்’ என்ற நிகழ்கால வினை போதுமானதாக இருக்க வேண்டும். மலைக்கு மட்டும் உரியதென்று நாம் வைத்திருக்கும் அந்தக் காலத்தை மனிதருக்கும் தரவேண்டும்.

போன மாதம் அந்த மூன்று குடும்பத்துக்கும் தனியாக ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். ‘மேற்படி இடத்தில் நாங்கள் இருக்கிறோம்’ என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன். அண்ணன் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “எப்பலேருந்துன்னு போடலியே தம்பி, கேப்பாங்களே” என்றார். கேட்பார்கள். அப்போது சொல்ல என்னிடம் இன்னும் பதில் இல்லை. மனு இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.